குனிந்து நுழைகிற வாசல்

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அத்தானும் எழுந்து நடமாடுகிறோம். உன் இருமல் விட்டதா? லிப்ட் குழிக்குள் இறங்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள் என்று எத்தனை முறை சொல்வது?

போனில் பேசினால் ரொட்டிக் கடையில் ஆள் நிற்கும், நீயும் "சரி சரி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். அத்தானுக்கு இதயத்தில் அடைப்பு என்று தெரியுமே, அறுவை சிகிச்சைக்கு ஏப்ரலில் நாள் கொடுத்துவிட்டார்கள். எங்கள் பங்குக் கோவிலிலிருந்து புனித பூமிக்குப் போகிற அதே வாரம். பெயர் கொடுத்து, பெட்டி வாங்கி, அதை அலமாரி மேல் வைத்துத் தினமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அவரை விட்டுவிட்டு எங்கே போவது?

பங்குத் தந்தையிடம் கேட்டேன். இன்னும் விசாவுக்கு அனுப்பவில்லை, வீட்டு ஆள் யாராவது அந்த இடத்தில் போகலாம் என்றார். நீ போ. நான் போனால் என்ன, நீ போனால் என்ன, ஒரே வயிற்றில் பிறந்த கால்கள்தானே.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆண்டவரை வைத்த கல்லறைக்குள் போகும்போது, என் பெயரைச் சொல்லி அந்தக் கல்லில் நெற்றியை வை. அது போதும். உன் மனைவி இறந்த பிறகு நீ கோவில் படியை மிதிக்கவில்லை என்பதைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. கேட்கவில்லை என்று எழுதியே கேட்டுவிட்டேன் பார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

பிப்ரவரி 16

அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது, நான்தான் இருக்கிறேன். அத்தானைப் பயப்பட வேண்டாம் என்று சொல். இதயமும் லிப்ட் மாதிரிதான், அடைப்பை எடுத்தால் ஓடும்.

மனிதர்களை மேலே அனுப்புவது என் தொழில். இப்போது நீ என்னையே அனுப்பப் பார்க்கிறாய். நான் போய் அங்கே என்ன செய்வேன்? மற்றவர்கள் அழுவார்கள், நான் கூரையில் எந்தக் கொக்கி தளர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். ஆனாலும் உன் கடிதத்தை நாலு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெட்டியை நீ அண்ணாந்து பார்ப்பது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

போகிறேன். உனக்காக. கல்லில் நெற்றி வைக்கிறேன். அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்காதே.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள். அடுப்புச் சூட்டிலிருந்து வந்த கையோடு தண்ணீரில் கை வைக்காதே.

தம்பி

*

ஏப்ரல் 11

அக்காவுக்கு,

விடுதியின் காகிதத்திலேயே எழுதுகிறேன். எனக்குச் சுகம். நாளை மறுநாள் அத்தானுக்கு அறுவை சிகிச்சை. நினைப்பு அங்கேதான் இருக்கிறது.

என் அறையில் உங்கள் ஊர் வீட்டுத் தரகரைப் போட்டிருக்கிறார்கள். அந்த மனிதர் பேரம் பேசாமல் தண்ணீர் கூடக் குடிக்கமாட்டார். ஒரு கடையில் ஜெபமாலையைத் தூக்கிப் பிடித்து, "எல்லா மாலைக்கும் சாமி ஒண்ணுதானே, விலை மட்டும் ஏன் வேற வேற?" என்று கேட்டார். கடைக்காரனுக்கு மொழி புரியவில்லை, ஆனாலும் குறைத்துவிட்டான். பேருந்தில் இருப்பவர்கள் அவரைப் பார்த்தாலே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். நானும்தான்.

பாடகர் குழு நடத்துகிற உன் தோழி, தாளம் டீச்சரும் இருக்கிறார். சாவியால் முன் சீட்டுக் கம்பியைத் தட்டித் தாளம் போட்டே பேருந்தைப் பாட வைக்கிறார். பாடம் எடுத்த தோரணை ஓய்வு பெற்றும் போகவில்லை. கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கிறார். கல்லறைக் கோவிலுக்குப் போகத்தான் வந்தேன், மற்றதெல்லாம் போனஸ் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

ஆண்டவர் ஞானஸ்நானம் பெற்ற ஆற்றில் எல்லோரும் இறங்கினோம். பக்கத்தில் இருந்தவர்கள் விசும்பினார்கள். எனக்குக் கால் குளிர்ந்தது. அவ்வளவுதான். பொய் எழுத மனமில்லை.

ஆனால் இன்று காலை ஏரிக்கரையில் டீச்சர் தனியாக உட்கார்ந்து மெல்லப் பாடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, "உங்க வீட்டம்மா கல்யாணத்துக்கு முன்னாடி என் குழுவிலதான் பாடினா. ரெண்டாவது குரல். அவ நின்ன இடத்துல இன்னும் யாரையும் நிக்க வைக்கலை" என்றார். பேருந்து ஹாரன் அடிக்கும்வரை நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இதைச் சொன்னால் நீ சந்தோஷப்படுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

தம்பி

*

ஏப்ரல் 15

அன்பும் பாசமும் நிறைந்த அக்காவுக்கு,

விண்ணகத் தந்தையின் அருள் உன் இல்லத்தில் நிரம்பி வழிவதாக. அத்தான் நலமடைந்திருப்பார் என்று முழுமையாக விசுவசிக்கிறேன்.

நேற்று ஆண்டவரின் திருக்கல்லறைக்குள் பிரவேசிக்கும் பாக்கியம் பெற்றேன். அந்தத் தாழ்ந்த வாசலில் குனிந்து நுழைந்ததும் விவரிக்க இயலாத ஒரு சமாதானம் என்னை ஆட்கொண்டது. கண்ணீர் ஆறாகப் பெருகியது. உன் பெயரைச் சொல்லி நெற்றியைக் கல்லில் வைத்தேன். இத்தனை ஆண்டுகளாக என் நெஞ்சில் இருந்த பாறை உருண்டு போனது. நான் புது மனிதனாக வெளியே வந்தேன்.

டீச்சர் அங்கே தடுக்கி விழுந்துவிட்டார். இடுப்பில் அடி. ஒரே கூட்டம். நான் அப்போது உள்ளே இருந்தேன். தரகர் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்.

மற்றவை நேரில்.

தம்பி

*

மே 7

என் தங்கத் தம்பிக்கு,

அத்தான் பிழைத்து எழுந்துவிட்டார். மாவு பிசையக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு என்னை அதிகாரம் பண்ணுகிறார். அதைவிட என்ன சுகம் வேண்டும்?

உன் கடிதம் வந்த அன்று அடுப்பில் ரொட்டி கருகியதுகூடத் தெரியாமல் படித்தேன். நீ எழுதியதா இது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குத் தந்தை என்னைக் கூப்பிட்டு நிறுத்தி மைக்கைக் கையில் கொடுத்தார். முழுவதையும் படித்தேன். பாறை உருண்டு போனது என்கிற இடத்தில் பின்வரிசை ஆண்களே கண்ணைத் துடைத்தார்கள். வெளியே வரும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

டீச்சர் போன வாரம் சக்கர நாற்காலியில் வந்து சேர்ந்தார். அங்கேயே இடுப்பெலும்பில் ஆணி வைத்திருக்கிறார்கள். தரகர் தன் பயணத்தை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்து, அவரோடுதான் திரும்பியிருக்கிறார். கல்லறையும் பார்க்கவில்லையாம், அதற்குப் பிறகு மற்றவர்கள் போன எந்த இடமும் பார்க்கவில்லையாம். நாம் ஒருவரை எடை போட்டு வைப்போம், ஆண்டவர் தராசு வேறாக இருக்கும்.

டீச்சருக்கு யாரும் இல்லை அல்லவா? காலை ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்துவிட்டு நான் போகிறேன். உடம்பு துடைத்து, கால் கழுவி, தலை சீவிப் பின்னிவிட்டு வருகிறேன். இந்த வயதிலும் இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. உன் கடிதத்தை அவருக்கும் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "குனிந்து நுழைந்ததும்னு வருதே, அதை இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். "நல்லா எழுதியிருக்கார்" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

ஒரு ஞாயிறு வந்து நீயே உன் வாயால் சாட்சி சொல்லவேண்டும் என்பது பங்குத் தந்தையின் ஆசை. என்னுடையதும்.

உன் அக்கா

*

மே 29

அக்காவுக்கு,

சுகம். அத்தானைக் கேட்டதாகச் சொல். வேலை அதிகம். ஒரு பழைய கட்டடத்தில் மூன்று லிப்டுக்கும் கம்பி மாற்றுகிறோம், வர முடியாது.

அந்தக் கடிதத்தை இனிமேல் யாருக்கும் படிக்காதே.

பேருந்துப் பார்சலில் ஒரு இரும்புக் கைப்பிடி அனுப்பியிருக்கிறேன். லிப்டுக்குள் வைக்கிற கைப்பிடியை வெட்டி வளைத்து நானே பற்றவைத்தது. டீச்சர் குளியலறைச் சுவரில் பதிக்கச் சொல். நான் செய்தது என்று சொல்லவேண்டாம்.

அவரால் எழுந்து நிற்க முடிகிறதா? வலி என்று சொல்கிறாரா? ஏதாவது சொல்கிறாரா?

தம்பி

*

ஜூன் 17

தம்பிக்கு,

எங்களுக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. மனதுக்குத்தான் என்னவோ போல் இருக்கிறது.

கைப்பிடியைப் பதித்தாயிற்று. முதல் நாள் டீச்சர் அதைப் பிடித்து எழுந்து நின்றுவிட்டார். எனக்குக் கைதட்டத் தோன்றியது. "யாரு செஞ்சது? பிடிக்க வாகா இருக்கே" என்று கேட்டார். கோவில்காரியான நான் எப்படிப் பொய் சொல்வது? உன் பெயரைச் சொன்னேன். உடனே கையை எடுத்துவிட்டார். விழப்போனவரை நான்தான் தாங்கிப் பிடித்தேன். அன்றிலிருந்து அவர் அதைத் தொடுவதே இல்லை, என் தோளைத்தான் பிடிக்கிறார்.

நேற்றுக் கேட்டே விட்டேன்.

"என் தம்பி மேல உங்களுக்கு ஏதாவது வருத்தமா டீச்சர்?"

"உன் தம்பி சாட்சி சொல்ல வரப்போறாராமே?"

"ஆமா, கேட்டிருக்கோம்."

"வரட்டும். நானும் கேக்கணும்."

அவ்வளவுதான். சாவியை எடுத்துக் கட்டில் சட்டத்தில் தட்ட ஆரம்பித்துவிட்டார். பாட்டு இல்லை, வெறும் தட்டல்.

தம்பி, உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். அங்கிருந்து எழுதிய முதல் கடிதத்தில் கால் குளிர்ந்தது, அவ்வளவுதான் என்று எழுதினாய். அது நீ. இரண்டாவது கடிதத்தில் இருந்த ஆள் யார்? அங்கே என்ன நடந்தது?

அக்கா

*

ஜூன் 28

அக்கா,

சுகம் விசாரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. நேரே எழுதிவிடுகிறேன்.

அன்று கல்லறைக்கு வெளியே வரிசை கோவிலையே சுற்றி நின்றது. வெயில் ஏறுவதற்கு முன் போய் நின்றோம். நகரவே இல்லை. டீச்சர் எனக்கு முன்னால், தரகர் எனக்குப் பின்னால். ஒருவழியாக வாசலை நெருங்கும்போது, அவர்களுடைய வழிபாட்டு நேரம் வந்துவிட்டது என்று அங்கே காவல் இருந்த துறவி கையை நீட்டி வரிசையை வெட்டினார். இன்னும் ஒரே ஒருவர் என்று விரலைக் காட்டினார். மறுநாள் காலை நாங்கள் அந்த ஊரை விட்டுக் கிளம்பவேண்டும்.

டீச்சர் முறை அது. அவர் ஒரு படி ஏறவேண்டும், அதற்கு எதைப் பிடிப்பது என்று சுற்றிலும் பார்த்தார். எனக்கு உன் பெட்டி, உன் நெற்றி, நான் கொடுத்த வாக்கு எல்லாம் தலைக்குள் ஏறியது. உனக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது கூடப் பொய்யாக இருக்கலாம். வரிசையில் நின்ற எரிச்சலும் இருந்தது, நான் ஏன் விடவேண்டும் என்கிற வீம்பும் இருந்தது. அவர் தோளில் கை வைத்து ஓரமாகத் தள்ளினேன். கூட்டத்தில் படுகிற தள்ளல் இல்லை அக்கா. வேண்டுமென்று தள்ளியது.

அவர் விழுந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். தரையில் கிடந்தார். தரகர் வரிசையை விட்டு வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பார்த்துவிட்டுத்தான் குனிந்தேன். குனிந்து உள்ளே போனேன்.

உள்ளே ஒரு சமாதானமும் இல்லை. ஆறாகவும் பெருகவில்லை. உன் பெயரைக் கூடச் சொல்லவில்லை. வெளியே அவர் முனகுவது கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் இரவு உனக்கு எழுத உட்கார்ந்தபோது, கோவிலில் கேட்ட பிரசங்கங்களின் வார்த்தைகளை எல்லாம் எடுத்து மேலே மேலே அடுக்கி மூடினேன். பூசணிக்காய் பெரிது, அதனால் சோறும் நிறைய வேண்டியிருந்தது. அதை நீ மைக்கில் படிப்பாய் என்று நினைக்கவில்லை.

கோவிலுக்குப் போகாமல் இருந்தவரை நான் ஒழுங்காக இருந்தேன் அக்கா. இதை யாரிடமாவது சொல்லி அழவேண்டும் போல் இருக்கிறது. உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

தம்பி

*

ஆகஸ்ட் 4

அக்காவுக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரி கூட இல்லை. போன் செய்தால் அத்தான் எடுத்து, "மாவுல கை வச்சிருக்கா" என்கிறார். எப்போது அடித்தாலும் மாவிலேயே கை வைத்திருப்பாயா?

திட்டியாவது எழுது. அத்தான் மாத்திரைகளை ஒழுங்காகப் போடுகிறாரா?

தம்பி

*

ஆகஸ்ட் 31

தம்பிக்கு,

அத்தான் நலம். நான் நலமில்லை, ஆனால் அது உடம்பில் இல்லை.

உன் கடிதத்தைப் படித்த அன்று உன்னைச் சபிக்க வாய் எடுத்தேன். வரவில்லை. எனக்காகத் தள்ளினாய் என்று எழுதியிருந்தாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. கல்லில் நெற்றி வை என்று கேட்டது நான். வாங்கி வந்ததை மைக்கில் படித்துப் பெருமைப்பட்டதும் நான்.

மறுநாள் காலை டீச்சர் வீட்டுக்குக் கிளம்பினேன். தெருமுனை வரை போனேன். எந்த முகத்தோடு அந்தத் தலையைச் சீவுவது என்று திரும்பி வந்துவிட்டேன். அடுத்த நாளும் அப்படித்தான். பிறகு தெருமுனை வரை கூடப் போகவில்லை. கடையில் வேலை அதிகம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நீயும் அதைத்தானே எழுதினாய், வேலை அதிகம் என்று? ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதை இப்படித்தானா நிரூபிப்போம்?

போன வாரம் தரகர் கடைக்கு வந்தார். ரொட்டி வேண்டுமா என்று கேட்டேன்.

"ரொட்டிக்கு வரலைம்மா. டீச்சருக்குத் தலை சீவ ஆள் இல்லை. நான் எனக்குத் தெரிஞ்ச மாதிரி பண்ணிப் பாத்தேன். சிக்கு விழுந்து கயிறாத் திரிஞ்சு போச்சு. சீப்பு உடைஞ்சதுதான் மிச்சம்."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"அவங்களே கத்திரிக்கோலைக் கொண்டா, வெட்டுன்னுட்டாங்க. வெட்டிட்டேன். எனக்கு நல்லா வரலை." அந்த வாயாடி மனிதர் தன் காலணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்படியே மாவுக்கையோடு ஓடினேன். டீச்சர் தலை, வைக்கோல் பிடுங்கிய போர் மாதிரி இருந்தது. வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

"உன் தம்பி சொல்லிட்டாரா?" என்றார்.

"சொல்லிட்டான் டீச்சர்."

"அதுக்கு நீ ஏன் வராமப் போன?"

"வெட்கமா இருந்துச்சு."

"உன் வெட்கத்துக்கு என் முடி போச்சு."

வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஓரங்களைச் சமமாக வெட்டிவிட்டு வந்தேன். அதிலிருந்து தினமும் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பங்குத் தந்தையிடம் அனுமதி கேட்டு அதே மைக்கில் நின்றேன். நான் படித்த கடிதத்தில் இருந்தது நடக்கவில்லை, நடந்ததைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, என்னை மன்னியுங்கள் என்றேன். முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவள் காதில் ஏதோ சொன்னாள். இறங்கி வரும்போது படி கண்ணுக்குத் தெரியவில்லை.

நடந்ததைச் சொல்ல உரிமை உள்ளவன் நீ ஒருவன்தான். அதையும் கோவிலில் அல்ல, அவர் வீட்டில்.

அக்கா

*

செப்டம்பர் 14

அக்காவுக்கு,

நேற்று வந்தேன். உன் கடை வாசல் வரைக்கும் வந்தேன். உள்ளே அத்தானின் அதட்டல் கேட்டது. உன் முகத்தைப் பார்க்கத் துணிவு வராமல் நேரே டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டு, அப்படியே பேருந்து ஏறிவிட்டேன். பார்த்துக்கொண்டிருந்த தெருக்காரர்கள் உனக்குச் சொல்லியிருப்பார்கள்.

டீச்சர் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"டீச்சர், நான்தான் தள்ளினேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"யார்கிட்ட சொல்றது? உங்க அக்கா தினமும் என் காலைக் கழுவுறா. அவகிட்டயா?" பிறகு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். "தள்ளினதைக் கூட விட்டுடலாம். கூட்டத்துல மனுஷன் மிருகமாயிடுவான். திரும்பிப் பாத்தீங்களே. பாத்துட்டுப் போனீங்களே. அதான் எனக்கு ராத்திரி ராத்திரி வருது."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சரி, உள்ள என்ன இருந்துச்சு?" என்றார். குரல் மாறியிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது அக்கா, அந்த இடத்தைப் பார்க்கத்தான் வாழ்நாள் எல்லாம் காத்திருந்து வந்தவர், என்னைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டி இருக்கிறது.

"ஒண்ணுமில்லை டீச்சர். ஒரு கல்லு. மெழுகுவத்திப் புகை. நான் நெத்தியைக் கூட வைக்கலை. நீங்க முனகுறது மட்டும் கேட்டுச்சு."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்லை."

அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. "அது ஆண்டவர் உயிர்த்துப் போன காலிக் கல்லறைதானே. காலியா இருக்குன்னு பாக்கத்தானே அவ்வளவு தூரம் போறோம்."

நான் முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டேன். ஆற்றில் வராத அழுகை அந்தச் சிமெண்டுத் தரையில் வந்தது. அவர் என்னைத் தூக்கவும் இல்லை, தொடவும் இல்லை.

"மன்னிச்சேன்னு சொல்லணும்னு வந்திருக்கீங்க. இன்னைக்கு எனக்கு வாய் வரலை. பொய்யா ஒரு தடவை சொல்லிட்டா அப்புறம் நிஜமாச் சொல்ல முடியாது. இந்த மாசக் கடைசியிலேருந்து சனிக்கிழமை சனிக்கிழமை வாங்க. காலைத் தூக்கிப் பயிற்சி பண்றப்ப குதிகாலைப் பிடிக்க ஆள் வேணும். தரகர் பிடிச்சா விலை பேசிக்கிட்டே பிடிக்கிறார்."

போகவா?

தம்பி

*

செப்டம்பர் 20

தம்பிக்கு,

இதையும் கேட்டா செய்வாய்? போ.

பேருந்து வந்து சேர நேரமாகிறது என்று டீச்சர் சொன்னார். முதல்நாள் இரவே வந்து இங்கே படு. முன்னறையில் பாய் விரித்து வைத்திருக்கிறேன். என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள். நானும் உன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாதவள்தான். அத்தான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரையும் அதட்டுவார்.

அக்கா

*

டிசம்பர் 9

மதிப்பிற்குரிய தம்பி அவர்களுக்கு,

என் தோழியின் தம்பி எனக்கும் தம்பிதான். நலமாக இருக்கிறீர்களா? எனக்கு இப்போது கைத்தடி போதும். தெருமுனை வரை நடக்கிறேன். முடி கழுத்து வரை வந்திருக்கிறது. தரகர் வாரம் ஒரு முறை வந்து, வெட்டியவன் என்ற முறையில் வளர்ச்சியைப் பார்வையிட்டுப் போகிறார்.

மழைக்காலம் முழுக்க ஒரு சனிக்கிழமை விடாமல் வந்தீர்கள். நாம் அதிகம் பேசவில்லை. நீங்கள் குதிகாலைப் பிடிப்பீர்கள், நான் எண்ணிக்கை சொல்வேன், உங்கள் அக்கா கொண்டு வந்த ரொட்டியைத் தின்போம். ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது வாசலில் ஒரு நொடி நிற்பீர்கள். எதற்கு என்று எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லமாட்டேன். நீங்களும் கேட்காமல் போவீர்கள்.

கடந்த இரண்டு சனிக்கிழமையாக உங்களைக் காணோம். உங்கள் அக்காவிடம் கேட்டேன். கோவிலுக்கு வெளியே யாரோ உங்களைக் காட்டி ஏதோ பேசியது உங்கள் காதில் விழுந்தது, அதிலிருந்து இந்த ஊர்ப்பக்கம் தலைகாட்டக் கூசுகிறீர்கள் என்றாள். அவர்களுக்குத் தெரியவந்தது என் வழியாக அல்ல. ஊர் தானே கூட்டிக் கழித்துக்கொண்டது.

உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். நான் பாடகர் குழு நடத்துகிறவள். ஆண்டவர் கற்றுக்கொடுத்த செபத்தைக் கோவிலில் எடுத்துக் கொடுத்துப் பாடவைப்பது என் வேலை. விழுந்து வந்த நாள் முதல் அதில் நாங்கள் பிறரை மன்னிப்பது போல எங்களையும் மன்னியும் என்று வருகிற அந்த ஒரு வரியில் மட்டும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வீட்டில் தனியாகச் சொல்லும்போதும் அப்படித்தான். நாற்காலியில் கோவிலுக்குப் போன நாளிலும் அப்படித்தான். யாருக்கும் தெரியாது, மற்றவர்கள் குரலில் என் மௌனம் மூழ்கிவிடும். என் முன்னால் முழங்கால் போட்ட உங்களை நிமிர்ந்து பார்த்து நியாயம் பேசினேனே, அன்று மாலை செபத்திலும் அந்த வரியைத் தாண்டிக் குதித்தேன். உங்களுக்கு மட்டும்தான் வெட்கம் என்று நினைக்கவேண்டாம்.

போன ஞாயிறு அந்த வரி வந்தது. நான் வாயை மூடத்தான் நினைத்தேன். அது மூடவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து பாடி முடித்த பிறகுதான் பாடிவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. பக்கத்தில் நின்ற உங்கள் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆகவே நீங்கள் வாசலில் நின்று எதிர்பார்த்தது இப்போது என்னிடம் இருக்கிறது. அதைத் தபாலில் போட்டு அனுப்ப எனக்கு விருப்பமில்லை. சனிக்கிழமை வாருங்கள், நேரில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
டீச்சர்